தேர்வுக்கு முன் எழுதப்படும் தீர்ப்பு

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல் நிகழ்ந்த பத்ருப் போரில் முஸ்லிம்களிடம் சிறைப்பட்ட குறைஷியர் ஏறத்தாழ 70 பேர். அவர்களுள் பொருள் படைத்தோர் 4,000 திர்ஹம் வரை ஈட்டுத்தொகை செலுத்தி விடுதலை பெற்றனர். பொருளற்றவராயினும் எழுத்தறிவு உடையோர்க்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வேறொரு வழி வகுத்தார்கள். அத்தகைய கைதி ஒவ்வொருவரும் மதீனாவின் பிள்ளைகள் 10 பேருக்கு எழுதக் கற்பிக்க வேண்டும். பிள்ளைகள் தேர்ச்சி அடைந்ததும் அதுவே அவருடைய ஈட்டுத்தொகையாகக் கொள்ளப்படும். இப்னு ஸஅத் தம்முடைய 'தபகாத்' நூலில் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். அவ்வாறு எழுதக் கற்ற சிறுவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர். பின்னாளில் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணைப்படி திருக்குர்ஆனை ஒரே தொகுப்பாகத் திரட்டிய பெரும்பணி அவர்களின் கையால்தான் நிறைவேறியது.

கல்வியின் மாண்புக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நாம் பலகாலும் எடுத்துரைக்கிறோம். ஆயினும் அதனுள் பொதிந்துள்ள மற்றொரு நுட்பம் அத்துணையாகக் கவனிக்கப்படுவதில்லை. கைதியின் விடுதலை மாணவனின் தேர்ச்சியோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆகவே, எந்தப் பிள்ளை விரைவில் தேறுவான், எவன் காலம் தாழ்த்துவான் என்னும் வினா, கற்பித்தவருக்கு வெறும் பள்ளிக்கூட வினாவாக இருந்திருக்க முடியாது. அதே வினா, ஆசிரியரும் மாணவரும் இடம் மாறிய நிலையில், இன்று அமெரிக்கச் சிறைகளில் எழுந்து நிற்கிறது. அங்கே கைதியே மாணவர். அவர் எழுத வேண்டியது, உயர்நிலைப் பள்ளிக் கல்விக்கு இணையாகக் கருதப்படும் ஒரு தேர்வு. அத்தேர்வில் எவர் வெல்வார் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல அந்நாட்டார் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றை ஈண்டு நாம் சற்று ஆராய்வோம்.

தேர்வின் பிறப்பே ஒரு போர்க்காலக் கதையாகும். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே படையிற் சேர்ந்த இளைஞர்கள், போர் முடிந்து திரும்பிய பின் மீண்டும் பள்ளி விசிப்பலகையில் அமர வேண்டுமோ என்ற சிக்கல் 1942இல் எழுந்தது. அயோவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈ. எஃப். லிண்ட்குவிஸ்ட் முதலானோர் அதற்கு விடையாக ஒரு தேர்வுத் தொகுதியை வகுத்தனர். 'பொதுக் கல்வி வளர்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனை ஜி.இ.டி. தேர்வு என வழங்குகின்றனர். நீ எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு இருந்தாய் என்று அத்தேர்வு வினவுவதில்லை; இன்று உனக்கு என்ன தெரியும் என்று மட்டுமே வினவுகிறது. 1947இல் நியூயார்க் மாநிலம், படைவீரர் அல்லாதார்க்கும் இந்தக் கதவைத் திறந்துவிட்டது. 1974இல் கலிபோர்னியாவும் ஏற்றுக்கொண்டதோடு, இது எல்லா மாநிலங்களிலும் நிலைபெற்றது. 2014 முதல் மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் என்னும் 4 பாடங்களில், கணினி வாயிலாக, நான்கும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம் எழுதப்படும் தேர்வாக அது உருமாறியுள்ளது.

சிறைக்குள் கல்வி என்பது இத்தேர்வுக்கு முன்னரே தொடங்கிய ஒன்றாகும். பிலடெல்பியா நகரத்து வால்நட் தெருச் சிறையில் 1798இல் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. 1876இல் நியூயார்க் மாநிலத்தில் நிறுவப்பட்ட எல்மைரா சீர்திருத்தச் சாலையில், அதன் தலைவர் செபுலன் பிராக்வே கல்வியைச் சீர்திருத்தத்தின் உறுப்பாகவே அமைத்தார். 1931இல் ஆஸ்டின் மெக்கார்மிக் என்பார் நாட்டின் சிறைகளை நேரிற் கண்டாய்ந்து, வயதுவந்த கைதிகளின் கல்வி குறித்து ஒரு நூல் வெளியிட்டார். கைதியைக் குற்றவாளி என்று மட்டும் நோக்காது, கல்வி தேவைப்படும் ஒரு வயதுவந்த மனிதராகவும் நோக்க வேண்டும். ஒவ்வொருவர் தேவையையும் தனித்தனியே அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆனால், அதே காலத்தில் வேறொரு போக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. மனிதரை எண்ணால் அளந்து, அவர் எதிர்காலத்தை எண்ணாலேயே முன்னுரைக்கும் போக்கு அது. நியூஜெர்சி மாநிலத்து வைன்லண்டில் பணியாற்றிய ஹென்றி காடர்ட், பிரான்சு நாட்டு பினே வகுத்த அறிவுச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தவர். குற்றவாளிகளுள் பெருந்தொகையினர் பிறப்பிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று 1914இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். இதனை நம்பியவர்க்குச் சிறைப் பள்ளி என்பது பாறையில் விதைப்பதற்கு ஒப்பாகும் அன்றோ! ஆயினும் 1926இல் கார்ல் மர்ச்சிசன் என்னும் உளநூலார், முதல் உலகப் போரில் படைவீரர்க்கு வழங்கிய அதே சோதனையைக் கைதிகளுக்கும் வழங்கி, இருசாரார் மதிப்பெண்களையும் ஒப்பிட்டார். கைதிகள் படைவீரரினும் தாழ்ந்து நிற்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கல்வி இல்லாமையும் அறிவு இல்லாமையும் ஒன்றல்ல என்னும் எளிய உண்மை இவ்வாறு எண்களாலேயே மெய்ப்பிக்கப்பட்டது.

1928இல் சிகாகோப் பல்கலைக்கழகத்துச் சமூகவியலார் எர்னஸ்ட் பர்ஜஸ் மற்றொரு முறையை வகுத்தார். இல்லினாய் மாநிலத்துச் சிறைகள் மூன்றிலிருந்து பரோலில் விடுவிக்கப்பெற்ற 3,000 பேரின் ஏடுகளை ஆராய்ந்து, 21 கூறுகளை அவர் பட்டியலிட்டார். சாதகமான கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 16 முதல் 21 வரை பெற்றோருள் நிபந்தனையை மீறியோர் 1.5 விழுக்காட்டினர், 4 மதிப்பெண்ணுக்கு மேற்படாதோருள் மீறியோர் 76 விழுக்காட்டினர். இவ்வளவு தெளிவான வேறுபாடு கண்டு ஆட்சியாளர் வியந்ததில் வியப்பில்லை. எனினும் அப்பட்டியலில் 'நாடோடி', 'உதவாக்கரை', 'பண்ணைப் பையன்' என்னும் பாகுபாடுகளும் இடம்பெற்றிருந்தன. ஊரார் ஒருவனுக்கு இட்ட பெயரே அவனைப் பற்றிய அறிவியல் கூறாக மாறிவிட்டது. கணக்கு எவ்வளவு செம்மையாயினும், அதனுள் இடப்படும் சொல் நடுநிலையானதாக இல்லாவிடில் விடையும் நடுநிலையாக இராது.

பரோலுக்கு எழுந்த இம்முறை, நாளடைவில் கல்விக்கும் வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் கல்வி கட்டாயமானமையே. அமெரிக்க நடுவண் அரசின் சிறைத்துறை 1982இல் எழுத்தறிவுத் திட்டத்தைக் கட்டாயமாக்கிற்று. அப்போது 6ஆம் வகுப்புத் தரமே இலக்கு. 1986இல் அது 8ஆம் வகுப்புத் தரமாயிற்று. 1991இல் உயர்நிலைப் பள்ளி நிறைவுக்கு இணையான ஜி.இ.டி. தேர்ச்சியே இலக்காக உயர்த்தப்பட்டது. சான்றிதழ் இல்லாதவர் குறைந்தது 240 மணி நேரமேனும், அன்றி அதற்குள் தேறினால் தேறும் வரையேனும், வகுப்பில் இருந்தாக வேண்டும் என்பது பின்னர் ஏற்பட்ட விதி. 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதனை விடுதலை நாளோடும் பிணைத்தது. நன்னடத்தைக்காக ஆண்டொன்றுக்கு 54 நாள் வரை தண்டனைக் கழிவு பெறக்கூடிய கைதி, சான்றிதழும் பெறாமல் அதை நோக்கிய மனநிறைவான முன்னேற்றமும் காட்டாமல் இருந்தால், 42 நாள் வரையே பெறுவார். ஆண்டுக்கு 12 நாள் என்பது வெளியிலிருப்போர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். பத்தாண்டுத் தண்டனையில் அது நான்கு மாதம். மகளின் திருமணத்திற்கோ தாயின் இறுதி நாளுக்கோ ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்நான்கு மாதம் போதும்.

இவ்விதியின் ஒரு கூற்றை நாம் போற்றியே ஆகவேண்டும். அது தேறியவரை மட்டும் நோக்கவில்லை. விடாது முயல்பவரையும் நோக்குகிறது. இன்னும் தேறாதவரும் வகுப்பைக் கைவிடாதிருப்பின் 54 நாளுக்கு உரியவராகலாம். கற்போரின் கையில் உள்ளது முயற்சியே. முடிவு முழுவதும் அவர் கையில் இல்லை என்பதை ஒரு நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது போலும்.

இனி, வெற்றியை முன்னறியப் பயன்படும் கருவிகளைக் காண்போம். சிறைக்கு வந்ததும் கைதிக்கு வழங்கப்படுவது வயதுவந்தோர்க்கான அடிப்படைக் கல்விச் சோதனை. 1967இல் முதலில் வெளிவந்த இச்சோதனை அந்நாட்டு வகுப்பறைகளில் பரவலாக வழங்கி வருவது. முதலில் ஒரு சிறு சோதனையால் எந்நிலை வினாத்தாள் ஒருவர்க்குப் பொருந்தும் என்று அறிந்து, பிறகு அந்நிலைக்குரிய தாளை வழங்குவர். வாசிப்பு, கணிதம், மொழி ஆகியவற்றில் அவர் நிற்கும் இடம் அதனாற் புலப்படும். அடுத்தது, தேர்வை நெருங்கும்போது வழங்கப்படும் ஒத்திகைத் தேர்வு. ஜி.இ.டி. நிறுவனமே நடத்தும் இவ்வொத்திகை, முழுத் தேர்வின் பாதியளவு உடையது. அதன் முடிவு மூன்று வகையாகப் பகுக்கப்படும்: தேற வாய்ப்புண்டு என்பது ஒன்று, தேற வாய்ப்பில்லை என்பது ஒன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது, உறுதியாகக் கூற இயலாது என்பது. கற்பித்தற் பணியில் உள்ள நமக்கு இம்மூன்றாம் வகையே மிக நேர்மையானதாகத் தோன்றுகிறது.

இக்கருவிகளைத் தொலைவிலிருந்து நோக்குவன, அண்மையிலிருந்து நோக்குவன என இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவரின் வயது, செய்த குற்றம், பள்ளியை விட்ட வகுப்பு ஆகியவை தொலைவிலிருந்து நோக்குவன. அவர் முன்பு எங்கே நின்றார் என்பதை அவை கூறுமேயன்றி, இன்று எங்கே நிற்கிறார் என்பதைக் கூறா. ஒத்திகைத் தேர்வோ அண்மையிலிருந்து நோக்குவது. பின்னக் கணக்கில் இடறுகிறாரா, பத்தியைப் படித்துக் கருத்தைப் பிரித்தெடுக்கத் தடுமாறுகிறாரா, கணினியின் விசைப்பலகையே அவருக்குப் புதிதா என்பனவெல்லாம் அதில் வெளிப்படும். முதல் வகை மனிதரைப் பற்றித் தீர்ப்புக் கூறுகிறது. இரண்டாம் வகை பாடத்தைப் பற்றிச் செய்தி கூறுகிறது. தீர்ப்பைக் கேட்டவர் தலை கவிழ்வார். செய்தியைக் கேட்டவரோ நாளைய பாடத்தைத் தொடங்குவார்.

இவ்விரண்டிலும் அகப்படாத காரணங்களும் உள. வகுப்பின் நடுவே வேறு சிறைக்கு மாற்றப்படுதல், கலவரம் அஞ்சிச் சிறை முழுவதையும் பூட்டி வைத்தலால் பல நாள் பாடம் தடைப்படுதல், இடம் இல்லாமையாற் காத்திருப்போர் பட்டியலில் நிற்றல், படித்து முடிக்கும் முன்னரே விடுதலை நாள் வந்துவிடுதல் ஆகியவை அத்தகையன. மாணவர் தோல்வியாக ஏட்டில் ஏறுவது சிற்சில வேளை நிறுவனத்தின் தோல்வியாகவே இருக்கக்கூடும்.

கணிப்பின் பெரும் இடர் மற்றோர் இடத்தில் மறைந்துள்ளது. ஓர் உவமையால் அதனை விளக்குவோம். ஒரு சிறையில் 100 மாணவர் பயில்வதாகக் கொள்வோம். அங்குள்ள ஆசிரியர், வெல்வார் என்று கணிக்கப்பட்ட 40 பேரை மட்டும் தேர்வுக்கு அனுப்புகிறார். 36 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 90 விழுக்காடு. மற்றொரு சிறையிலும் 100 மாணவர். அவ்வாசிரியர் 80 பேரை அனுப்புகிறார். 60 பேர் தேறுகின்றனர். தேர்ச்சி 75 விழுக்காடு. அறிக்கையில் முதற்பள்ளியே சிறந்ததாகத் தோன்றும். ஆனால், சான்றிதழ் பெற்ற மனிதர்களை எண்ணினால் இரண்டாம் பள்ளியில் 24 பேர் கூடுதல்.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. முதற்பள்ளியில் நிறுத்தி வைக்கப்பட்ட 60 பேருள் எத்தனை பேர் தேறியிருப்பர்? அதை ஒருவராலும் அறிய முடியாது. ஏனெனில் அவர்கள் எழுதவேயில்லை. தேறமாட்டார் என்ற கணிப்பு அவர்களைத் தேர்வுக்கூடத்திலிருந்து விலக்கிற்று. விலக்கியதனால் அக்கணிப்பைப் பொய்யென்று நிறுவும் வாய்ப்பும் ஒழிந்தது. அனுமதிக்கப்பட்டவருள் தவறியோர் கண்ணுக்குத் தெரிவர். தடுக்கப்பட்டவருள் தேறியிருக்கக்கூடியவர் எந்த ஏட்டிலும் தெரியார். ஆகவே வாயிற்காவலனாக நிறுத்தப்பட்ட கணிப்பு, தன் பிழைகளுள் ஒரு பாதியை மட்டுமே காணும். மறுபாதியைக் காணாமலே தன்னை மெச்சிக்கொள்ளும். தேர்வுக்கட்டணமும் இருக்கைகளும் அளவுடையன ஆதலால் யாரையேனும் முதலில் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. முன்பின் என வரிசைப்படுத்துவது வேறு. ஒரேயடியாக வாயிலை அடைப்பது வேறு.

கணிக்கப்படும் எல்லைக்கோடேனும் அசையாததா என்றால், அதுவும் இல்லை. 2014இல் புதிய தேர்வு வந்தபோது, ஒவ்வொரு பாடத்திலும் தேற 150 மதிப்பெண் வேண்டும் என வகுத்தனர். அதற்கு முந்திய தேர்வில் சில பகுதிகளில் மட்டும் தேறியிருந்தோரின் மதிப்பெண்கள் 2013 இறுதியோடு செல்லாமற்போயின. அவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பின்னர் 2016 சனவரியில் எல்லை 145 ஆகக் குறைக்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அதனை 2014 முதலே செல்லுபடியாகும்படி ஏற்றுக்கொண்டன. அதனால், ஈராண்டாகத் தோற்றவர் என ஏட்டில் இருந்தோர் பலர் ஒரே அறிவிப்பால் தேறியவர் ஆயினர். அவர்களின் அறிவு அந்த ஒரு நாளில் வளர்ந்துவிடவில்லை; கோடுதான் நகர்ந்தது. மனிதர் வரைந்த கோட்டை இறைவனின் விதிபோற் கருதி, ஒருவரை இப்பக்கத்தார், அப்பக்கத்தார் எனப் பிரிப்பது எத்துணை அவசரமானது என்பதற்கு இது தக்க சான்று.

இவ்விடத்தில் நம்மவர் நன்கறிந்த ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். 1946இல், 21 வயது நிறையும் முன்னர், திருட்டுக் குற்றத்திற்காக மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சார்லஸ்டவுன் சிறையில் அடைக்கப்பட்டவர் மால்கம் லிட்டில். 8ஆம் வகுப்போடு பள்ளி வாழ்க்கை முடிந்தவர். சிறை அலுவலர் ஒருவர் தொலைவுக் கருவிகளைக் கொண்டு அவரை அளந்திருந்தால், எக்கூறும் அவருக்குச் சாதகமாக வந்திராது. 1948இல், தமக்கை எல்லா எடுத்த முயற்சியின் பயனாக, அவர் நார்ஃபோக் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கே நல்லதொரு நூலகமும் சொற்போர் மன்றமும் இருந்தன. மடல் எழுதவும் சொற்கள் போதாமையை உணர்ந்த அவர், அகராதியை முதற்பக்கத்திலிருந்து கைப்படப் பெயர்த்தெழுதத் தொடங்கினார். இரவில் விளக்கணைத்த பின்னரும் தாழ்வாரத்து ஒளியிற் படித்ததை, 1965இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் விவரித்துள்ளார். 1952இல் விடுதலையான அவரே, 1964இல் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றி, இனப்பகை கடந்த இஸ்லாத்தின் உடன்பிறப்புணர்வைத் தம் மக்களுக்கு எடுத்துரைத்த மால்கம் எக்ஸ்.

எல்லாக் கைதியும் மால்கம் எக்ஸ் ஆகிவிடுவர் என்று கூறுவது நம் நோக்கமன்று. அது வரலாறாகாது, கனவாகும். அவர் வாழ்வில் நாம் காண வேண்டியது வேறு. சார்லஸ்டவுனில் இருந்தவரும் நார்ஃபோக்கில் இருந்தவரும் ஒரே மனிதர்தாம். மாறியவை நூலகம், மன்றம், அவர் உள்ளத்தே மூண்ட வேட்கை ஆகியவை. வந்த நாளில் எடுத்த அளவு இம்மூன்றையும் அளந்திருக்க முடியாது. ஏனெனில் அன்று அவை நிகழவேயில்லை. கல்வியின் வேலையே கணிப்பை மாற்றுவதுதான். மாணவர் தம்மைப் பற்றிய முதல் மதிப்பீட்டின்படியே முடிந்துவிட்டால், இடையில் ஆசிரியர் என்ன செய்தார்?

தேர்வுச் சான்றே எல்லாம் என்று நாம் மயங்கவும் வேண்டா. நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன், 1993 முதலே ஜி.இ.டி. சான்றிதழை ஆய்ந்து வந்தவர். சான்றிதழ் பெற்றோர், பள்ளியை முடித்தவர்களுக்கு நிகரான அறிவு உடையவராயினும், வேலையிலும் வாழ்விலும் அவர்களுக்கு நிகராக நிலைபெறுவதில்லை என்று அவர் காட்டினார். பொறுமை, ஒழுங்கு, விடாமுயற்சி முதலிய பண்புகளைத் தேர்வு அளப்பதில்லை என்பது அவர் கூறிய காரணம். மறுபுறம், 2013இல் ராண்ட் நிறுவனத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சிறையிற் கல்வி பெற்றோர் மீண்டும் குற்றவழிப்படும் வாய்ப்பு விகிதம், பெறாதோரினும் 43 விழுக்காடு குறைவு எனக் கண்டனர். இவ்விரு முடிவுகளும் ஒன்றற்கொன்று முரணல்ல. தாளில் உள்ள முத்திரை ஒருவரை மாற்றுவதில்லை. அதனை நோக்கி நாள்தோறும் நடந்த நடை அவரை மாற்றக்கூடும். 2014இல் எடுத்த கணக்கின்படி அமெரிக்கச் சிறைவாசிகளுள் 30 விழுக்காட்டினர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்கள். வெளியிலுள்ள மக்களுள் அத்தகையோர் 14 விழுக்காட்டினர். நடக்க வேண்டியோர் தொகை இத்துணைப் பெரிதாயிருக்க, நடைபாதையின் வாயிலைக் குறுக்குவது அறிவுடைமையாகாது.

திருமறையின் 80ஆம் அத்தியாயம் இறங்கிய சூழலை மார்க்கக் கல்வி பயின்றோர் அறிவர். மக்கத்துத் தலைவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் சத்தியத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தார்கள். தலைவர்கள் இணங்கினால் அவர்களைப் பின்பற்றி ஊரே இணங்கும் என்பது எவர்க்கும் தோன்றக்கூடிய எதிர்பார்ப்பு. உபதேசத்தால் தூய்மையடைபவர் எவர் என்பது மனிதர் அறிவுக்கு முன்கூட்டி எட்டுவதன்று என்றும், நாடி வந்தவரே கவனிப்புக்கு உரியவர் என்றும் இறைவன் அப்போது உணர்த்தினான். அன்று நாடி வந்த அப்பெரியார் பின்னாளில் மதீனாவின் முஅத்தினாக விளங்கினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் போர்ப் பயணம் சென்ற வேளைகளில் மதீனாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்றார்கள்.

இதனால் அளவுகோல் வேண்டா என்று நாம் கூறவில்லை. நாடி பாராமல் மருந்து கொடுக்கும் மருத்துவர் உண்டோ? ஒத்திகைத் தேர்வு வைக்கட்டும், குறையைக் கண்டறியட்டும், யாருக்குக் கணிதம், யாருக்கு வாசிப்பு, யாருக்கு இன்னும் மூன்று திங்கள் காலம் வேண்டும் என்று அது சொல்லட்டும். ஆனால் அச்சொல் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதிகாரியின் பட்டியல் அன்று, மாணவரின் மேசை. தேற வாய்ப்பில்லை என்று தாள் கூறும் நாளில், அம்மாணவருக்கு அடுத்த பாடம் எது, அடுத்த வாய்ப்பு எந்த நாள் என்ற இரண்டும் அதனுடனேயே எழுதித் தரப்படுமாயின், அக்கணிப்பு அவருக்குத் துணையாகும். அவ்விரண்டும் எழுதப்படாவிடில், முன்னரே ஒரு தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவர் மீது மற்றொரு தண்டனையை விதித்ததாகவே அது முடியும்.